வாளிக்குள் உட்கார்ந்து பார்த்த வேலை

போன கிழமை என் பழைய பட்டறைக்காரர்கள் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு யார் கூப்பிட்டாலும் போக நேரம் இருக்கும், போனேன். புதிதாக வந்த கருவி ஒன்றைக் காட்டினார்கள். விளையாட்டு வீரர் ஒரு மெத்தை விரிப்பின்மேல் உட்கார்ந்தால் போதும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திரையில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்து இன்னொரு இயந்திரம் இருக்கையை அச்சடித்தாற்போல் செய்து கொடுக்கிறது. அருமையான கருவி. "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்கும் கிழவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும், ஆகையால் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் வேலை பழகும் பெண் ஒருத்தி விடவில்லை. "இது இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"நானே உட்கார்ந்து பார்த்தேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. சுவிஸ் ஆண்கள் பாரா ஐஸ் ஹொக்கி அணியின் கருவிகளைப் பராமரிக்கிறவனாக இருந்த காலம் முழுவதும், மற்றவர்களுடைய இருக்கைக்குள் என் பின்பக்கத்தை வைத்துப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. அதைச் சொன்னபோது, "எழுதுங்கள்" என்றார்கள். எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சின்னச் சின்னத் திருகாணிகளோடு மாரடித்தவன். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது, செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில் இடம் கிடைத்தது. பிளாஸ்டிக்கை உருக்கவும், அச்சு எடுக்கவும், வெட்டவும், ஒட்டவும் பழகினேன். பழகிய கதையை நீட்டினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. பட்டறையின் தலைவி வ்ரேனிதான் தேசிய அணியின் கருவிகளுக்கும் பொறுப்பு. ஒருநாள் அவளுடைய உதவியாள் விலகிவிட, "சிவா, நாளைக்கு என்னோடு ஐஸுக்கு வா" என்றாள். அவ்வளவுதான் நியமனம்.

வ்ரேனி என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். சுவிஸ் ஜெர்மனில் பட்டறைக்குள் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். என் யாழ்ப்பாணத்துக் காது அதைப் பொறுக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. குரலை உயர்த்த மாட்டாள். நன்றாகச் செய்தாய் என்றும் சொல்ல மாட்டாள். வேலை சரியாக இருந்தால் மூக்கால் ஒரு "ம்" வரும். அந்த "ம்" வராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இதில் ஆடுகிறவர்கள் கால் இழந்தவர்கள், அல்லது இடுப்புக்குக் கீழே இயங்காதவர்கள். ஒல்லியான உலோகச் சட்டத்தின்மேல் இருக்கை. அதற்குக் கீழே ஐஸில் வழுக்கும் இரண்டு கத்திகள். இதை ஸ்லெட்ஜ் என்பார்கள். இரண்டு கையிலும் இரண்டு குட்டைத் தடிகள். தடியின் ஒரு நுனியில் பற்கள். அதை ஐஸில் குத்தித் தள்ளித்தான் ஓடுவார்கள். மற்ற நுனியால் பந்தை, அதாவது அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை அடிப்பார்கள். இருக்கைக்கு ஆங்கிலத்தில் பக்கெட் என்று பெயர். அதனால் அணியிலிருந்த ஒரே தமிழ்ப் பிள்ளையான நிரோஷனும் நானும் எங்களுக்குள் அதை 'வாளி' என்போம்.

முதல் நாள் ஐஸ் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்தது தெரியுமா? பாவம், ஏதோ மெல்ல மெல்ல உருட்டி விளையாடுவார்கள் என்ற நினைப்பு. நான் தடுப்புப் பலகையோரம் போய் நிற்கவும், இரண்டு பேர் முழு வேகத்தில் வந்து அதே பலகையில் மோதவும் சரியாக இருந்தது. மண்டபமே அதிர்ந்தது. என் கையிலிருந்த திருகாணிப் பெட்டி கீழே விழுந்துவிட்டது. ஒருவர் கவிழ்ந்து கிடந்தார். அணித்தலைவர் ரெட்டோ அவர். இரண்டு காலும் முழங்காலுக்கு மேலே இல்லாதவர். ஐயோ என்று நான் தடுப்புப் பலகையின் கதவைத் திறக்கப் போனேன். வ்ரேனி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் ரெட்டோ ஒரு தடியை ஊன்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்து, தன்னை இடித்தவரைத் துரத்திக்கொண்டு போய்விட்டார். துரத்தும்போது சிரிப்பு வேறு. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால், கடைசி நாள் வரைக்கும் அந்த வாய் முழுதாக மூடவில்லை.

வாளி விஷயத்துக்கு வருகிறேன். கால் இல்லாதவருக்கு வாளி உறுத்தினால் வலிக்கும், சொல்லிவிடுவார். முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. ஒரு திருகாணியின் தலை துருத்தியிருந்தால், உள்ளே ஒரு துணி மடிந்திருந்தால், அதன்மேல் இருந்துகொண்டே முழு ஆட்டத்தையும் ஆடுவார். மாலையில் பார்த்தால் தோல் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளிறவேண்டும். வெளிறாமல் அப்படியே நின்றால், உள்ளே தசை சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் இன்னொரு தடவை இருந்தால் புண். அது ஆற, மாதக் கணக்கில் குப்புறக் கிடக்கவேண்டும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை. உயிரே போனவர்களும் உண்டு.

ஆகவே வ்ரேனி வைத்திருந்த முறை இது. புதிதாக ஒரு வாளி செய்தால், அதைப் போடப்போகிறவருக்கு முன்னால் நாங்கள் மெல்லிய காற்சட்டையோடு அதற்குள் உட்காரவேண்டும். ஒரு நிமிடத்துக்கு அல்ல. ஒரு பயிற்சி முடியும் வரைக்கும். வார்களை இறுக்கிக் கட்டி, ஐஸில் இறங்கி, அவர்களோடு இடிபட்டு, விழுந்து எழும்பி வரவேண்டும். வந்தவுடன் அவள் கேட்பாள்: "உன் பின்பக்கம் என்ன சொல்லுது?" நான் இடப்பக்கம், வலப்பக்கம், எலும்புக்கு மேலே, கீழே என்று விவரமாகச் சொல்லவேண்டும். "பரவாயில்லை" என்று சொன்னால் பிடிக்காது. "பரவாயில்லை என்பது ஒரு இடத்தின் பெயர் இல்லை, சிவா" என்பாள். பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வாளியின் உட்புறம் முழுவதையும் வெறுங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். கையுறை கூடாது. கோப்பிக் கோப்பையைப் பிடித்துச் சூடான கையும் கூடாது. சூட்டில் கை சிறியதை உணராதாம். முதலில் இதெல்லாம் கொஞ்சம் கூடிப்போன சுத்தபத்தமாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது, அந்த மனிதருக்கு இல்லாத உணர்வை நாங்கள் கடன் கொடுக்கிறோம் என்று. அது விளங்கிய பிறகு கை தானாகவே கவனமாகிவிட்டது.

நிரோஷன் ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்தவன். மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டது. அணியிலேயே வேகமானவன் அவன்தான். அவன் திரும்பும்போது ஸ்லெட்ஜ் ஒற்றைக் கத்தியில் நிற்கும். மற்றக் கத்தி காற்றில். எனக்கு நெஞ்சு ஒரு முறை நின்று அடிக்கும். அவன் அம்மா ஒரு ஆட்டத்தையும் பார்க்க வந்ததில்லை. இடிபடுவதைக் காணத் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார். வீடியோ காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

ஒரு வருடம் சர்வதேசப் போட்டி ஒன்று எங்கள் நாட்டிலேயே நடந்தது. கடைசி ஆட்டத்தில் வென்றால் எங்கள் அணி மேல் பிரிவுக்கு ஏறும். அணி அதையே கனாக் கண்டுகொண்டிருந்தது. நிரோஷனுக்கு அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. முதல் நாள் மாலை என்னிடம் வந்து சொன்னான்:

"அங்கிள், நாளைக்கு அம்மா வாறா. ரெயில் ரிக்கற் எடுத்திட்டா."

"உண்மையாவோ? என்னண்டு சம்மதிச்சவ?"

"தெரியேல்ல. நானும் கேக்கேல்ல, கேட்டா மனம் மாறிடுவா. அவ என்னை இவ்வளவு வருஷமா வீல் செயரிலதான் பாத்திருக்கிறா, அங்கிள். நான் வேகமா போறதை ஒருக்கா பாக்கோணும். ஒருக்கா பாத்தாக் காணும்."

மறுநாள் காலை, உடைமாற்றும் அறையில், வழக்கம்போல் அவன் முதுகடியைப் பார்த்தேன். இதை மற்ற வீரர்கள் கண்ணாடி வைத்துத் தாங்களே பார்ப்பார்கள். இவன் பிரயாணங்களில் என்னைத்தான் பார்க்கச் சொல்வான். டொக்டருக்குக் காட்ட வெட்கம். இடுப்புக்குச் சற்றுக் கீழே, எலும்பின்மேல், அவரைக் கொட்டையளவு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினேன். வெளிறவில்லை. விட்டுவிட்டு மறுபடியும் அழுத்தினேன். வெளிறவேயில்லை.

"என்ன அங்கிள், கையை எடுக்கிறியள் இல்லை?"

நான் போய் வாளியைத் தடவினேன். ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்து பார்த்தேன். என் பின்பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் அவன் ஆட்டத்துக்குப் போடும் மெத்தைக் காற்சட்டையை எடுத்து, தையல் வழியே விரலை ஓட்டினேன். பின்பக்கத் தையலுக்குள் கட்டியாக ஏதோ இருந்தது. பிரித்தேன். சின்ன வெள்ளி அச்சரக்கூடு.

வேறு யார் கண்டிருந்தாலும் அது என்னவென்று தெரிந்திருக்காது. யந்திரத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து மூடிய தாயத்து. எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கண்ணூறு படாமல் அரையில் கட்டுவது. போட்டிக்கு முந்திய கிழமை நிரோஷன் வீட்டுக்குப் போய், உடுப்பு மூட்டையைத் தோய்க்கக் கொடுத்திருக்கிறான். தோய்த்துக் காய்ந்த காற்சட்டைக்குள் அம்மா அதை வைத்துத் தைத்துவிட்டார். வெளியே கட்டினால் பிள்ளை கழற்றி எறிந்துவிடுவான். உள்ளே இருந்தால் அவனுக்குத் தெரியாது. தெரியத்தான் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வைத்தது, பிள்ளையின் எலும்பையே அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

நிரோஷன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. அறையில் மற்றவர்களும் இருந்தார்கள், ஆனால் தமிழ் எங்கள் இருவருக்கும் மட்டும்தான்.

"அங்கிள், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இண்டைக்கு ஒரு மட்ச்தானே. நாளையிலயிருந்து நான் குப்புறக் கிடக்கிறன். அம்மா ரெயிலில வந்துகொண்டிருக்கிறா."

"தோல் வெடிச்சா என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். எனக்கு நோகாது அங்கிள்."

"அதுதானடா பிரச்சினை" என்றேன். அவனுக்கு நோகாது என்பதற்காகத்தானே எனக்குச் சம்பளம். எழும்பிப் போய் வ்ரேனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்; அவன் அம்மா எதைப் பார்க்க வருகிறார் என்பதையும் வழியில் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வ்ரேனி பார்த்தாள். அணி டொக்டரை அழைத்தாள். அவரும் பெருவிரலால் அழுத்தினார். "இன்றைக்கு உட்காரக் கூடாது. ஆட்டத்திலும் இல்லை, வீல் செயரிலும் இல்லை. இது வெளிறும் வரைக்கும் குப்புறத்தான்" என்றார். விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வ்ரேனி என் கையிலிருந்த அச்சரக்கூட்டைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள்.

"இவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று இவனுடைய அம்மா வைத்தது" என்றேன்.

அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை ஆட்டிச் சிரிப்பாள், அல்லது அந்தச் சுவிஸ்காரப் பெருமூச்சு ஒன்று விடுவாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியிலிருந்து பழைய சப்பாத்து நாடா ஒன்றை எடுத்து, அச்சரக்கூட்டின் வளையத்தில் கோத்து, நிரோஷனின் கழுத்தில் கட்டினாள். "இங்கே போடு. இங்கே அழுத்தினால் உனக்குத் தெரியும்" என்றாள். அதுவரையில் அழாமல் இருந்தவன் அப்போதுதான் அழுதான்.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு காரணமாக ஆடமுடியாதவர், தன் வாயால்தான் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். நிரோஷன் மசாஜ் கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே சொன்னான். ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ரெட்டோ தன் தடியால் தரையில் ஒரு தரம் தட்டினார். ஒவ்வொருவராக எல்லோரும் தட்டினார்கள். பிறகு எழும்பிப்போய் ஆட்டத்துக்குத் தயாரானார்கள். எங்கள் அணியில் வேகமானவன் இல்லாமல் அன்றைக்கு வெல்ல முடியாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மாவைக் கூட்டிவர வாசலுக்கு நான்தான் போனேன். கையில் ஒரு பெரிய பெட்டி நிறைய வடை. கூடவே போய், மசாஜ் கட்டிலை வைத்திருந்த இடத்துக்கு அழைத்து வந்தேன். எங்கள் வீரர்கள் இருக்கும் பக்கத்தில் தடுப்புப் பலகை கண்ணாடி போன்றது, தாழ இருந்தாலும் ஆட்டம் தெரியும். அதையொட்டி மகன் குப்புறக் கிடந்தான். கழுத்தில் கட்டிய அச்சரக்கூடு சட்டைக்குள் மறைந்திருந்தது.

"என்ன நடந்தது, அண்ணை? ஏன் இவன் இப்பிடிக் கிடக்கிறான்?"

நிரோஷன் என்னைப் பார்த்தான். காலையிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தான்.

"வாளி கொஞ்சம் உரசிப்போட்டுது, தங்கச்சி. நான் செய்த வாளிதான். பெரிசா ஒண்டுமில்லை, ரெண்டு கிழமையில மாறிடும்" என்றேன்.

அவர் வடைப்பெட்டியைக் கீழே வைத்தார். "உங்களை நம்பித்தானே அண்ணை நான் விட்டனான்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை இப்போது எழுதலாமா என்று நிரோஷனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த வருடமே அவன் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். அவரும் எனக்கு ரெலிபோன் எடுத்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டார்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒரே ஒரு கோல் வித்தியாசம். ரெட்டோ கடைசி நொடி வரைக்கும் மூச்சிரைக்க ஓடினார். நிரோஷன் இருந்திருந்தால் என்று நான் நினைக்காமல் இல்லை. இன்றைக்கும் சில வேளை நினைப்பேன். ஆனால் அந்தச் சிவப்பின்மேல் அவனை இருத்தியிருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

கை கொடுக்கும் நேரம் வந்தது. இரண்டு அணியும் ஐஸில் வரிசையாக வந்து கை கொடுப்பது வழக்கம். எதிரணித் தலைவர் எங்கள் வரிசையை முடித்துவிட்டு, மேல் பிரிவுக்கு ஏறிய சந்தோஷத்தில் தன் ஆட்களோடு கத்தப் போகவில்லை. நேரே எங்கள் கதவடிக்கு வந்தார். கட்டிலில் குப்புறக் கிடந்தவனைக் கண்டுவிட்டார். கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் அவருடைய அணி முழுவதும் வரிசை கட்டி வந்தது. ஒருவரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. குப்புறக் கிடப்பது என்னவென்று தெரியாதவர் அந்த வரிசையில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பிப் பார்த்தால் வ்ரேனி தரையில் முழந்தாளிட்டு நிரோஷனின் ஸ்லெட்ஜைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். வாளியைக் கழற்றிவிட்டாள். எங்கள் கருவிப் பெட்டியின் மூடிப் பலகையைச் சட்டத்தின்மேல் வைத்துத் திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்கிறாய்?" என்றேன்.

"உட்காரக் கூடாது என்றுதானே டொக்டர் சொன்னார். அந்த மெத்தையைத் தா."

டொக்டர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கப் போனவர், மூடிக்கொண்டு, குனிந்து மெத்தையின் விளிம்பை அழுத்திப் பார்த்தார். பலகையின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தச் சொன்னார். நான் வெறுங்கையால் முழுவதையும் தடவினேன். பிறகு பலகையில் குப்புறக் கிடந்தும் பார்த்தேன்; சாகும் வரைக்கும் பழக்கம் விடுமா? வ்ரேனி மூக்கால் "ம்" என்றாள்.

நிரோஷனைத் தூக்கி நெஞ்சுப்பக்கமாகக் கிடத்தி, தொடையை வாரால் கட்டினோம். இரண்டு தடிகளையும் கையில் கொடுத்தோம். தாடை ஐஸுக்குக் கிட்ட இருந்தது. முதல் இழுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். இரண்டாவதில் நிமிர்ந்தான். பிறகு கையிரண்டையும் முன்னால் எறிந்து, பற்களைக் குத்தி, தன்னைத்தானே இழுத்து இழுத்துப் போகத் தொடங்கினான். ஐஸில் நின்ற இரண்டு அணியும் விலகி வழி விட்டது. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, எல்லோரும் தடியால் ஐஸில் அடிக்கத் தொடங்கினார்கள். அவன் நடுக்கோட்டைத் தாண்டினான். கோல் வலைக்குப் பின்னால் திரும்பும்போது ஒற்றைக் கத்தியில் நின்றது வண்டி. எத்தனையோ வருடம் பார்த்தவன் நான், அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை. ஒரு மனிதன் மார்பால் பறந்துகொண்டிருந்தான். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

அப்போது எனக்குப் பக்கத்தில் தடுப்புக் கண்ணாடியில் படார் படார் என்று அறைகிற சத்தம் கேட்டது. அம்மா.

"டேய் நிரோஷ்! மெல்லப் போடா! உனக்கென்ன விசரோ? மெல்லப் போ எண்டுறன், கேக்குதோ இல்லையோ!"

தடிச் சத்தத்தையும் மீறி மண்டபம் முழுவதும் கேட்டது. ஐஸ் தூள் பறக்க எங்கள் கதவடியில் வந்து நின்றான் நிரோஷன். மூக்கிலும் தாடையிலும் வெள்ளையாக ஐஸ். மூச்சு வாங்கியது.

"அங்கிள், கேட்டியளோ? அம்மா எனக்கு ஏசினவ!"

"ஓமடா, கேட்டது. அதுக்கென்ன?"

"மோட்டச் சைக்கிள் எடுக்கிற நேரமெல்லாம் வாசல்ல நிண்டு இப்பிடித்தான் கத்துவா. விபத்துக்குப் பிறகு ஒருநாளும் ஏசினதில்லை, அங்கிள். ஒரு சொல்லு ஏசினதில்லை."

அம்மா இன்னும் கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டி ஏதோ ஏசிக்கொண்டிருந்தார். அவன் அவரைப் பார்த்துச் சிரித்தான். தடிகளை மறுபடியும் ஐஸில் குத்தினான்.

"இன்னொரு சுத்துப் போட்டு வாறன். நல்லா ஏசட்டும்."